எப்படியாவது

என் மாடியறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஐந்தடுக்குக் கட்டிடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. கதை எழுத உட்காருகிறவனுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறு வேண்டியதில்லை. கம்பி வெட்டும் ஓசைக்கும் ஜல்லி கொட்டும் இரைச்சலுக்கும் நடுவே என் கதாநாயகி எப்படி நிம்மதியாக அழ முடியும்? ஆகவே சில நாட்களாகப் பேனாவை மூடி வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்கும் உத்தியோகத்தை மேற்கொண்டிருக்கிறேன்.

சென்ற வாரம் ஒரு நாள் காலையில் அந்தக் கட்டிடத்தின் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அதைக் கட்டுவிப்பவர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, கெட்டவர் என்று சொல்ல முடியாத முகம். சூப்பர்வைசர் ஓடிவந்து கும்பிட்டார்.

"பதினைஞ்சாம் தேதிக்குள்ளே நாலாவது தளம் ஒட்டுப் போட்டாகணும்" என்றார் வந்தவர்.

"கம்பி கட்டுற ஆளு பத்தலே சார். முட்டுக் கொடுக்கிறதுலேயும் கொஞ்சம்..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பாங்க்காரன் கழுத்தைப் பிடிக்கிறான். எப்படியாவது முடிச்சுடுங்க."

கார் போய்விட்டது. சூப்பர்வைசர் மேஸ்திரியின் பக்கம் திரும்பி, "கேட்டீங்க இல்லே? எப்படியாவது முடிக்கணுமாம்" என்றார். மேஸ்திரி அண்ணாந்து, மேலே நின்ற வடநாட்டுப் பையன்களைப் பார்த்து, தமக்குத் தெரிந்த இந்தியில், "ஜல்தி, ஜல்தி!" என்று கத்தினார். நான்காவது தளத்தின் விளிம்பில் நின்ற பையன் ஒருவன், இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கயிற்றிலிருந்து கழற்றிவிட்டு, விடுவிடுவென்று அடுத்த தூணுக்கு நடந்தான். கொக்கியை அடிக்கொரு தரம் மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தால் வேகமாக வேலை செய்ய முடியாது அல்லவா?

அந்தப் பையனுக்கு அன்று ஒன்றும் நேரவில்லை. நேர்ந்திருந்தால் மறுநாள் பத்திரிகையில் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 'பாதுகாப்புக் கொக்கியை மாட்டாததால் தவறி விழுந்தான்' என்று நான்கு வரி வந்திருக்கும். அது பொய்யும் அல்ல. காரில் வந்தவர் கொக்கியைக் கழற்றச் சொல்லவில்லை. சூப்பர்வைசரும் சொல்லவில்லை. மேஸ்திரியும் சீக்கிரம் என்றுதான் சொன்னார். மூன்று பேரும் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யலாம். ஆயினும் கொக்கி கழன்றது. கழற்றியது யார்?

இந்தக் கேள்வியை நான் எதிர்வீட்டுக்காரரிடம் போய்க் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த வீட்டை இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கட்டினேன். கட்டினேன் என்று சொல்வது நம் பாஷையின் தாராளம். நான் ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைத்ததில்லை. கட்டியவர் வந்தவாசிப் பக்கத்து மேஸ்திரி ஒருவர். ஐம்பது வயது, காதில் எப்போதும் ஒரு பென்சில், தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணால் சுவரைப் பார்க்கும்போது, ஜாதகம் பார்க்கும் ஜோசியருக்கு உள்ள கம்பீரம் அவருக்கு வந்துவிடும். தினமும் காலையில் ஆட்கள் சாரத்தில் ஏறுவதற்கு முன்பு அவர் தனியாக ஏறுவார். ஒவ்வொரு முடிச்சையும் கையால் ஆட்டிப் பார்ப்பார். பலகையின் மேல் நின்று குதித்துப் பார்ப்பார். "ஆளுங்களை ஏத்துறதுக்கு முன்னாடி நாம ஏறிப் பார்த்துடணும் சார்" என்பார். தலைமை என்பதற்கு எத்தனையோ பெரிய புத்தகங்களில் எத்தனையோ இலக்கணம் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆவணியில் கிருகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்தாயிற்று. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. வெளிப்பூச்சு மட்டும்தான் பாக்கி. அந்தச் சமயத்தில் இரண்டு இரவுகள் தொடர்ந்து மழை கொட்டியது. காலையில் நான் போனபோது ஆட்கள் சாரத்தின் மேல் இல்லை. ஜல்லிக் குவியலின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மேஸ்திரி?" என்றேன்.

"சவுக்குக் கழியெல்லாம் மண்ணுல இறங்கியிருக்கு சார். கயிறும் ஊறிப்போச்சு. அவுத்துத்தான் கட்டணும். ரெண்டு நாள் போகட்டும், மண்ணு இறுகட்டும்."

"நாள் குறிச்சாச்சே மேஸ்திரி! உங்களுக்குத் தெரியாததா? எப்படியாவது பாருங்களேன்."

மிகவும் மரியாதையாகத்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னதாகக்கூட ஞாபகம். மேஸ்திரி என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். வழக்கம்போல முதலில் தாமே ஏறினார். தளர்ந்த முடிச்சுகளை இறுக்கினார். கழிகளின் அடியில் உடைந்த செங்கல்லை வைத்து இடிக்கச் சொன்னார். ஒரு காலை நேரத்துக்குள் ஒரு மனிதர் செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டு ஆட்களை ஏற்றினார்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கழி அரை அடி புதைந்தது. பலகை சாய்ந்தது. இரண்டு பேர் குறுக்குக் கழியைப் பிடித்துத் தொங்கித் தப்பினார்கள். மூன்றாமவன், இருபது வயதுப் பையன், கலவைச் சட்டியோடு கீழே வந்தான். இடுப்பெலும்பும் வலது தொடையும் முறிந்தன. உயிர் பிழைத்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் சாரம் ஏறவில்லை. காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தான்.

இரவு அவனுடைய தாய் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். மேஸ்திரி அவள் முன்னால் நின்று, "என் தப்புதான் அக்கா. சாரத்தை நான் இன்னும் நல்லாப் பார்த்திருக்கணும்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். 'இல்லை அம்மா, அவர் இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார், நான்தான் கேட்கவில்லை' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. "ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நான் பார்த்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அந்தத் தாய் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கிருகப்பிரவேசம் குறித்த நாளில் நடந்தது. வந்தவர்கள் பாயசம் சாப்பிட்டுவிட்டு என் தாராள மனத்தைப் பாராட்டிப் போனார்கள். அந்தக் கும்பிடை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வெகு நாட்களுக்குப் பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டுப் பேருக்கு இரண்டு நாள் கூலி. பந்தல்காரருக்குக் கொடுத்திருந்த முன்பணத்தைவிட அது குறைவு. 'இந்தாருங்கள், இரண்டு நாள் கூலி. மண் இறுகின பிறகு வாருங்கள்' என்று சொல்வதற்கு அவ்வளவுதான் செலவாகியிருக்கும். நான் கருமி அல்லன். ஆனால் அந்த எண்ணம் அன்றைக்கு என் மனத்தில் உதிக்கவே இல்லை. உதிக்காதபடி என்னைக் காப்பாற்றியது அந்த ஒற்றைச் சொல்தான்.

'எப்படியாவது' என்பது விசித்திரமான சொல். அதைச் சொல்லுகிறவன் காரியத்தைத் தனக்கு வைத்துக்கொள்கிறான். அது நடக்கும் வழியைக் கேட்கிறவன் தலையில் வைக்கிறான். காரியம் நல்லபடி முடிந்தால் சொன்னவனுக்குப் பெருமை. வழியில் ஏதாவது நேர்ந்தால் செய்தவனுக்குப் பழி. இந்தச் சொல் மேலேயிருந்து கீழே இறங்க இறங்கக் கனம் கூடிக்கொண்டே போகும். முதலாளியின் வாயில் அது ஒரு விருப்பம். சூப்பர்வைசரின் காதில் அது கட்டளை. மேஸ்திரிக்கு அது அடுத்த வேலை கிடைக்குமா கிடைக்காதா என்கிற பயம். சாரத்தின் உச்சியில் நிற்கிறவனிடம் வந்து சேரும்போது, அது அவன் காலடியில் உள்ள பலகையாகவே ஆகிவிடுகிறது.

சின்ன வீடு, எழுத்து வாசனை அதிகம் இல்லாத மேஸ்திரி, அவசரக்கார எழுத்தாளன். படிப்பும் கணக்கும் உள்ள பெரிய இடங்களில் இப்படி நடக்காது என்று நினைத்து நான் கொஞ்ச காலம் ஆறுதல் தேடினேன். கனடாவில் கியூபெக் பாலம் விழுந்த கதையைப் படித்த பிறகு அந்த ஆறுதலும் போயிற்று.

இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில், செயின்ட் லாரன்ஸ் நதியின் மேல், கியூபெக் நகரத்துக்கு அருகே ஓர் இரும்புப் பாலம் கட்டத் தொடங்கினார்கள். நடுவில் இரண்டு தூண்களுக்கு இடையே 1,800 அடி. ஸ்காட்லாந்தில் 1890-இல் திறந்த புகழ்பெற்ற ஃபோர்த் பாலத்துக்கே 1,710 அடிதான். முதலில் 1,600 அடி என்றுதான் திட்டம். தியோடர் கூப்பர் என்ற பெரிய அமெரிக்கப் பொறியாளர் ஆலோசகராக வந்து அதை நீட்டினார். நீளம் கூடினால் பாலத்தின் சொந்த எடையும் கூடும். அந்தக் கூடுதல் எடையைப் புதிதாகக் கணக்கிடாமல் விட்டுவிட்டார்கள். பிழை தெரியவந்தபோது இரும்பில் பெரும் பகுதி தயாராகியிருந்தது. 'தாங்கும்' என்று கூப்பர் முடிவு செய்தார். எழுபதை நெருங்கிய அவர் உடல்நலமின்றி நியூயார்க்கில் இருந்தார். இரும்பு வேலை ஆரம்பமான பிறகு ஒரு தடவைகூடப் பாலத்தடிக்கு வரவில்லை. ஆனால் கடைசி வார்த்தை அவருடையது. பாலத்தில் அவருக்குக் கண்ணாக இருந்தவர் நார்மன் மக்லூர் என்ற இளைஞர், கல்லூரியை விட்டு வந்து சில ஆண்டுகளே ஆனவர்.

1907 ஆகஸ்டில் பாலத்தின் பாரத்தைத் தாங்கும் கீழ்த் தண்டுகள் வளையத் தொடங்கின. மாதக் கடைசியில் ஒரு தண்டின் வளைவு இரண்டு அங்குலத்தைத் தாண்டிவிட்டது. பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விவாதித்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அது வளைந்திருந்தது என்றார்கள் சிலர். இல்லை, இப்போதுதான் வளைகிறது என்றார்கள் வேறு சிலர். தொழிலாளர்களின் தலைமை மேற்பார்வையாளர் ஒரு நாள் வேலையை நிறுத்திவிடுவது என்று தீர்மானித்தார். மறுநாள் மனம் மாறித் தொடர்ந்து நடத்தினார். நிறுத்தினால் ஆட்கள் மனம் தளர்ந்து கலைந்துபோவார்கள், குளிர்காலத்துக்கு முன்பு கிடைக்கும் பருவம் வீணாகிவிடும் என்பது மேலே இருந்தவர்களின் அச்சம்.

மக்லூர் ரயிலேறிக் கூப்பரைப் பார்க்கப் போனார். ஆகஸ்டு 29-ஆம் தேதி முற்பகல் நியூயார்க்கில் அவரைச் சந்தித்தார். கிழவருக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. பாலத்தின் மேல் இனிமேல் எந்தப் பாரமும் ஏற்றக் கூடாது என்று தந்தி கொடுத்தார். எங்கே? பாலத்தடிக்கு அல்ல, பாலத்தைக் கட்டும் கம்பெனி பென்சில்வேனியாவில் இருந்தது, அங்கே. மக்லூரும் அங்கே போனார். கம்பெனியின் பொறியாளர்கள் மாலையில் கூடிப் பேசினார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தார்கள். அன்று மாலை ஐந்தரை மணி சுமாருக்கு, வேலை முடியும் சங்கு ஊதச் சிறிது நேரமே இருந்தபோது, பாலம் விழுந்தது. 86 பேர் அதன் மேல் இருந்தார்கள். 75 பேர் மாண்டார்கள். அவர்களில் 33 பேர் கானவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் இனத்துச் செவ்விந்தியர்கள். வேலையைத் தொடரச் சொன்ன அந்த மேற்பார்வையாளரும் மாண்டவர்களில் ஒருவர்.

இரண்டு பொறியாளர்களின் தவறான முடிவே காரணம் என்று விசாரணைக் குழு 1908-இல் சொல்லிற்று. மறுபடி கட்டியபோதும் 1916-இல் நடுப்பகுதியைத் தூக்கி ஏற்றுகையில் அது ஆற்றில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். 1917-இல்தான் பாலம் முடிந்தது. கணக்குத் தவறு கணக்குத் தவறுதான். அதைப் பொறியாளர்கள் ஆராயட்டும். கதை எழுதுகிறவனை உறுத்துவது வேறொன்று. 'முடியுங்கள்' என்ற சொல் நியூயார்க்கிலிருந்து கியூபெக்குக்கு நாள் தவறாமல் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. 'நிறுத்துங்கள்' என்ற சொல் கியூபெக்கிலிருந்து புறப்பட்டு ரயிலில் போயிற்று, தந்தியில் போயிற்று, ஓர் அறையில் போய் உட்கார்ந்தது, திரும்பி வரவேயில்லை.

அந்த மேற்பார்வையாளரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆட்களை அனுப்பிவிட்டுத் தாம் கரையில் நிற்கவில்லை. அவர்களோடு அதே இரும்பின் மேல் நின்று செத்தார். என் மேஸ்திரியும் அப்படித்தான், முதலில் தாமே ஏறினார். ஆபத்துக்குள் முதலில் நுழையும் தைரியம் இந்தத் தொழிலில் எப்போதும் ஏராளமாக இருந்திருக்கிறது. ஆனால் ஒரு நாள் அவருக்கு வேறொரு தைரியம் வந்தது. வேலையை நிறுத்துவது என்று தீர்மானித்தாரே, அந்தத் தைரியம். அது ஏன் மறுநாள் வரை நிலைக்கவில்லை? அதை வாங்கிக்கொள்ள மேலே ஆள் இல்லை என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அரசனை இடித்துரைக்கும் அமைச்சனைப் பற்றி நம் பழைய நூல்கள் நிறையப் பேசுகின்றன. இடித்துரைப்பவனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டுமோ அவ்வளவு நெஞ்சுரம் அதைக் கேட்கிறவனுக்கும் வேண்டும். என்னிடம் அது இல்லை. என் மேஸ்திரி அன்று காலையில் இடித்துரைத்துத்தான் பார்த்தார்.

இதையெல்லாம் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரிடம் சொன்னேன். அணைகளும் பாலங்களும் கட்டியவர். மாலையில் என்னோடு நடக்க வருவார். அவர் சிரித்தார்.

"நீங்கள் நினைக்கிற மாதிரி அவ்வளவு சுலபம் இல்லை. ஆபத்து தெரிந்தால் வேலையை விட்டு விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று 1988-லேயே சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் ஓர் உடன்படிக்கையில் எழுதிவைத்துவிட்டது. நம் நாட்டிலும் கட்டிடத் தொழிலாளிக்கென்று 1996-இல் சட்டம் வந்தது. 2020-இல் இயற்றிய தொகுப்புச் சட்டம் அதையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. எல்லாம் சரி. வேலை நின்றால் கூலி நிற்கும். நான் நிறுத்தியிருக்கிறேன். முதலில் வந்து என்னோடு சண்டை போட்டவன் யார் தெரியுமா? யாருடைய உயிருக்காக நிறுத்தினேனோ அவன்தான். 'எங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார், வேலையைக் கொடுங்க' என்றான்."

இதற்கு எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. சாயங்காலம் அரிசி வாங்க வேண்டியவனுக்கு, விழுந்தாலும் விழலாம் என்பது ஒரு சந்தேகம். கூலி இல்லை என்பது நிச்சயம். சந்தேகத்துக்காக நிச்சயத்தை விட்டுக்கொடு என்று அவனுக்கு உபதேசம் செய்ய நாம் யார்? அதிலும் இன்றைக்குச் சென்னையின் கட்டிடங்களில் ஏறி நிற்கிறவர்களில் பலர் வெகுதொலைவிலிருந்து வந்தவர்கள். 2014 ஜூன் 28-ஆம் தேதி சென்னை மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டிடம் ஒன்று இடிந்து 61 பேர் மாண்டார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்களில் பலர். அவர்களில் ஒருவருக்கு முந்தின நாள் ஏதோ சரியில்லை என்று பட்டிருந்தால், அதை எந்த மொழியில், யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்? அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல் 'சீக்கிரம்' என்பதாகக்கூட இருந்திருக்கலாம்.

நண்பர் சொன்னதை இரவெல்லாம் யோசித்தேன். அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மையின் முடிவு அவர் நிறுத்திய இடத்தில் இல்லை. நிறுத்தினால் நஷ்டம் உண்டு. அந்த நஷ்டம் யாருடையது என்பதுதான் கேள்வி. கூலிக்காரன் தன் நஷ்டத்தில் நிறுத்த வேண்டுமென்றால் ஒருநாளும் நிறுத்த மாட்டான். மேஸ்திரி தம் நஷ்டத்தில் நிறுத்த வேண்டுமென்றால் ஒரு தடவை நிறுத்துவார். அடுத்த தடவை வாயை மூடிக்கொள்வார். வீடு யாருக்காக எழும்புகிறதோ அவன் நஷ்டத்தில் நிறுத்துவதுதான் நியாயம். அப்படிச் செய்தால் 'நிறுத்து' என்ற சொல் விலை குறைந்த சொல்லாகிவிடும். எவன் வேண்டுமானாலும் வாங்கி உபயோகிக்கலாம்.

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைக் கட்டிய காலத்தில், பத்து லட்சம் டாலர் வேலைக்கு ஓர் உயிர் போகும் என்று அந்தத் தொழிலில் ஒரு வாய்ப்பாடு இருந்தது. செங்கல் இவ்வளவு, சிமெண்டு இவ்வளவு என்பதுபோல உயிர் இவ்வளவு. அந்தப் பாலத்துக்கு ஆன செலவு சுமார் மூன்றரைக் கோடி டாலர். வாய்ப்பாட்டின்படி 35 பேர் சாக வேண்டும். தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ், பாலத்தின் அடியில் நெடுக ஒரு வலையைக் கட்டித் தொங்கவிட்டார். அதற்கு 1,30,000 டாலர் ஆயிற்று. 19 பேர் அந்த வலையில் விழுந்து பிழைத்தார்கள். 'நரகத்துக்குப் பாதி வழி போனவர்கள் சங்கம்' என்று தங்களுக்கு வேடிக்கையாகப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். 1937 பிப்ரவரி 17-ஆம் தேதி வரை இறந்தவர் ஒரே ஒருவர். அன்றைக்கு, ஆட்கள் நின்று வேலை செய்த கனத்த மேடை ஒன்று பிடி விட்டு வலையின் மேல் விழுந்து அதைக் கிழித்துக்கொண்டு போயிற்று. பத்துப் பேர் மடிந்தார்கள். வலை சர்வரோக நிவாரணி அல்ல என்பதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்லுகிறேன். ஆனால் மனிதன் தவறுவான், தவறினால் அவனுக்கு ஒரு மறுவாய்ப்பு உண்டு என்று வேலை தொடங்கும்போதே பணம் ஒதுக்கி வைத்த ஒரு தலைமையை அந்த வலையில் பார்க்கிறேன். வாய்ப்பாடு தெய்வ வாக்கு அல்ல என்பதற்கும் அத்தாட்சி உண்டு. 2012-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்துக்காக லண்டனில் நடந்த பெரும் கட்டுமானத்தில், வேலையினால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பாபிலோனை ஆண்ட ஹமுராபியின் சட்டத்தில், ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முன்பே, வீடு கட்டுகிறவனைப் பற்றிச் சில பிரிவுகள் உண்டு. கட்டிய வீடு இடிந்து சொந்தக்காரன் செத்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை. சொந்தக்காரனுடைய அடிமை செத்தால் அடிமைக்குப் பதில் அடிமை. கொடுமையான சட்டம்தான். ஆனால் அந்தப் பிரிவுகளில் ஓர் ஆளைப் பற்றிய பேச்சே கிடையாது: வீடு எழும்பிக்கொண்டிருக்கும்போது அதிலிருந்து விழுந்து செத்தவன். கட்டியவன் சொந்தக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். சொந்தக்காரன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒருவழிப் பாதையை மாற்ற மனித ஜாதிக்கு எவ்வளவு காலம் பிடித்தது பாருங்கள்! கட்டுவிப்பவருக்கும் தொழிலாளியின் பாதுகாப்பில் கடமை உண்டு என்று பிரிட்டனில் 1994-இல் விதி செய்தார்கள். 2015-இல் திருத்தி எழுதிய விதிகளில், வேலைக்குப் போதிய அவகாசம் ஒதுக்குவதும் அந்தக் கடமையில் சேர்ந்தது என்று தெளிவாகவே இருக்கிறது. தலைக்கவசம், கயிறு, வலை என்று பாதுகாப்புச் சாமான்களின் பட்டியலை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதில் அவகாசத்தையும் ஒரு சாமானாகச் சேர்த்தவர்களுக்கு நமஸ்காரம். என்னிடம் என் மேஸ்திரி கேட்ட சாமான் அது ஒன்றுதான்.

இவ்வளவு தூரம் எழுதிய பிறகு, எனக்கு ஞானம் வந்துவிட்டது என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. முந்தாநாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டு வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். அதே சுவர்தான். இரவில் தூறியிருந்தது. பெரியவர் ஏணியைச் சாத்துவதற்கு முன்பு, ஈரமான தரையைப் பார்த்தார், சுவரைத் தடவிப் பார்த்தார், தயங்கினார். எனக்குப் பழைய காட்சி அப்படியே கண் முன்னால் வந்தது. இறங்கிப் போய், "இன்னிக்கு வேண்டாம் பெரியவரே. தரை காயட்டும். இந்தாங்க, ரெண்டு பேருக்கும் இன்னிக்குக் கூலி. நாளைக்கழிச்சு வாங்க" என்று பணத்தை நீட்டினேன். இருபத்திரண்டு வருஷத்துக் கடனில் ஒரு தவணை கட்டுகிற பெருமிதம் எனக்கு.

அவர் பணத்தை வாங்கவில்லை. பக்கத்திலிருந்த பையனைப் பார்த்தார். அவருடைய முகம் சுருங்கிவிட்டது.

"ஏன் சார், வேற ஆளு பேசிட்டீங்களா?" என்றார்.

இல்லை, இல்லை என்று நான் வெகு நேரம் சொல்ல வேண்டியிருந்தது. வேலை செய்யாத நாளுக்கு ஒருவன் கூலி கொடுத்தால் அது கணக்குத் தீர்த்து அனுப்புவதற்குத்தான் என்று அவருடைய அனுபவம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. கடைசியில் பாதி நம்பிக்கையோடு பணத்தை மடித்து வேட்டியில் செருகிக்கொண்டார். வெளிக்கதவு வரைக்கும் போனவர் நின்று, திரும்பி, என்னைச் சமாதானப்படுத்துகிறவர்போலச் சொன்னார்:

"கவலைப்படாதீங்க சார். நாளைக்கழிச்சு எப்படியாவது முடிச்சுக் கொடுத்துடறோம்."